நாலு பேரும் புது ஆட்கள்

நாடாளுமன்ற மனுக்கள் குழுவின் உறுப்பினர்கள் நான்கு பேர் மதியம் குற்றாலம் வந்து சேர இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது உறுப்பினர்களே இல்லை என்று காலை ஒன்பது மணிக்கு டெல்லியிலிருந்து மின்னஞ்சல் வந்தது.

தாலுகா அலுவலக உதவியாளர் ஜெயசித்ரா அதை இரண்டு முறை படித்தாள். விருந்தினர் மாளிகைக் கூட்ட அறையில் நான்கு பெயர்ப்பலகைகளையும் அப்போதுதான் துடைத்து வைத்திருந்தாள்.

“காமராஜ் அண்ணாச்சி, ரெண்டு பேரை மாத்திட்டாங்களாம்.”

“பாதியிலயா?” என்றார் பியூன் காமராஜ்.

“அந்தந்தக் கட்சி வேற ஆள் பேரைக் குடுத்திருக்கு. புது ஆளுங்கதான் வருதாங்க.”

பலகையைவிட அவளுக்கு ஜாஹிரா பீவியை நினைத்துத்தான் கவலை. அச்சன்புதூருக்குப் பக்கத்தில், கால்வாய்க்கு இக்கரையில் வீடுகள், அக்கரையில் பள்ளிக்கூடம். நடுவே பாலமாகக் கிடப்பவை இரண்டு தென்னந்தடிகள். அதில் சைக்கிளோடு வழுக்கி விழுந்து ஜாஹிராவின் மகள் முஹ்ஸினா கையை ஒடித்துக்கொண்டாள். தறிக்காரியான ஜாஹிரா பாலம் கேட்டு டெல்லிக்கே மனுப் போட்டாள். போன வருடம் குழு வந்து, இதே அறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுப் போனது. கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது குழுவில் இல்லை.

போன் போட்டாள். “வருத்தப்படாதீங்கக்கா. போன தடவை வந்தவங்கள்ல ரெண்டு பேரு வரல. நீங்க முதல்ல இருந்து சொல்லணும்.”

“சொல்லுதேன்மா. வரட்டும்,” என்றாள் ஜாஹிரா. குரலில் வருத்தமே இல்லை. கேட்டுக் கேட்டு மரத்துப்போய்விட்டது போல என்று ஜெயசித்ராவுக்குச் சங்கடமாக இருந்தது.

புதுப் பலகை சாயங்காலம்தான் கிடைக்கும் என்றார்கள் தென்காசிக் கடையில். வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிப் பழைய பலகையில் ஒட்டினாள். ஜன்னல் வழியே வந்த சாரலில் எழுத்துகளுக்கெல்லாம் மீசை முளைத்தது. மறுபடி எழுதி, ஜன்னல்களை இறுக்கச் சாத்தினாள்.

அடுத்து டெல்லிச் செயலரின் போன். புதிதாக வரும் வங்காளத்துக்காரருக்கு மதியம் மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. காமராஜை அனுப்பி மீன் வாங்கி, குழம்பும் வறுவலும் செய்யச் சொன்னாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் வாசனை முழுக்கக் கூட்ட அறைக்குள் வந்து தங்கிவிட்டது.

பதினோரு மணிக்கு இன்னொரு மின்னஞ்சல். மிச்சம் இருவரையும் நேற்றே மாற்றிவிட்டார்களாம். புதுத் தலைவர் ஒரு அம்மாள். சுத்த சைவம். மீன் வாடை பட்டால் தலைவலி வந்துவிடும் என்றும் செயலர் சொன்னார்.

ஜெயசித்ரா ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தாள். வாடை போகவில்லை. சாரல்தான் வந்தது. தாளில் எழுதிய பெயர்கள் கரைந்து மேசைவிரிப்பில் நீலமாக ஓடின.

“இனி இங்கன உக்காரவைக்க முடியாது மேடம்,” என்றார் காமராஜ். “பேசாம கால்வாய்க்கே கூட்டிட்டுப் போயிருங்க.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அவளுக்கு வேறு வழி இல்லை. குழு வந்ததும், ‘கள ஆய்வு’ என்று நிகழ்ச்சி நிரலைத் திருத்தி, ஜாஹிராவைக் கரைக்கே வரச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்து வேனில் ஏற்றினாள். வங்காளத்துக்காரர் பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கால்வாய்க்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வேன் சேற்றில் புதைந்தது. டிரைவர் முறுக்க முறுக்க, சக்கரம் இன்னும் உள்ளே போனது. நாளைக்கு வரப்போகும் மெமோவின் வாசகம் வரைக்கும் ஜெயசித்ராவின் கண்ணில் தெரிந்தது.

தலைவர் அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். “இன்னும் எவ்வளவு தூரம்?”

“நூறு அடி இருக்கும் மேடம்.”

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். தலைவரே இறங்கிய பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா?

கரையில் குடையோடு ஜாஹிரா நின்றாள். அவள் பேச ஆரம்பிப்பதற்குள், மழை என்பதால் அக்கரையில் பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகத் தடியில் கால் வைத்தார்கள். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது.

கடைசியாக வந்தவள் தடுமாறினாள். வங்காளத்துக்காரர் பாய்ந்து கை நீட்டினார். அந்தப் பிள்ளை கரையேறிவிட்டாள். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். இரண்டு மாணவிகள் சேர்ந்துதான் அவரை மேலே இழுத்தார்கள்.

தலைவர் அம்மாள் கோப்பைத் திறந்து கூட வந்திருந்த பொறியாளரைப் பார்த்தார். “பாலம் தேவையா என்பது ஆய்வில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வு முடிந்ததா?”

பொறியாளர், நனைந்து நிற்பவரைப் பார்த்தார். “முடிஞ்சது மேடம்.”

அங்கேயே குடைக்கடியில் பரிந்துரை எழுதப்பட்டது. மழை ஓய்ந்ததும் வேலை தொடங்க வேண்டும். அதுவரை கம்பிக் கைப்பிடியோடு தற்காலிக நடைபாலம், பதினைந்து நாளுக்குள். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பொறியாளரும் எழுத்தில் உறுதி கொடுத்தார்.

டிராக்டர் வந்து வேனை இழுத்துக்கொண்டிருந்தபோது ஜெயசித்ரா ஜாஹிராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து முதல்முறையாக ஜெயசித்ராவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

“நாலு பேரையும் பாதியில மாத்துனதும் எல்லாம் போச்சுன்னு நெனச்சேன்க்கா. ஏதோ உங்க நல்ல நேரம்.”

“நேரம் என்னம்மா நேரம்,” என்றாள் ஜாஹிரா, ஈர முந்தானையைப் பிழிந்தபடி. “போன தடவை வந்தவங்க ஒருத்தரும் கால்வாயை எட்டிக்கூடப் பாக்கலன்னு அவங்கவங்க கட்சி ஆபீசுக்கு முஹ்ஸினாவை விட்டு நாந்தான் கடுதாசி எழுதிப் போட்டேன், இவங்களுக்கும் சேத்து இன்னும் நாலு கவரு வாங்கி வச்சிருந்தேன்.”