நல்லதெல்லாம் எங்க பக்கம்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் பார்க்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தார் பழமும் பால்மாவும் கொடுத்து, குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் ரகத்தார் போர்வையை விலக்கி, காதை மடக்கி, மூக்கை அளந்து, கால் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்து, எது எந்த வீட்டுச் சரக்கு என்று தீர்ப்புச் சொல்லாமல் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். இவர்கள்தான் 'எங்க பக்கத்தார்'.

குருபோங்கில் குடியிருக்கும் காந்தனைப் பாருங்கள். செங் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். மகள் தேவிஸ்ரீ கணக்கில் நூறு வாங்கியபோது அது "எங்க பக்கத்து மூளை". அதே மகள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் போத்தலைத் தொலைத்துவிட்டு வந்தபோது மூளை, மனைவி திலகவதியின் பக்கம் சேர்ந்துவிட்டது. நிறம், உயரம், பாட்டு எல்லாம் இவர் வீட்டிலிருந்து வந்தவை. தும்மல், பிடிவாதம், எழுப்ப எழுப்ப எழாத தூக்கம்? கேட்கவே வேண்டாம். ஒருமுறை காரைப் பின்னால் எடுத்துச் சுவரில் இடித்தவர் காந்தனேதான். இருபத்தாறு வருஷம் திலகவதி வீட்டாரோடு பழகியதால் வந்த வினை அது என்றார்.

அக்கா மலர்க்கொடியின் மகன் தினேஷ்வரனுக்கே தேவிஸ்ரீயைக் கொடுப்பதென்று முடிவானது. பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிப் பருவத்திலிருந்தே பிரியம். காந்தனுக்கோ அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் எங்க பக்கம்!

"பையன் அச்சு அசல் நான் லா. அவன் அப்பா சாயல் ஒரு பொட்டுகூட கிடையாது" என்று அக்கா புருஷன் ஹரிதாஸை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வார். ஹரிதாஸ் நல்ல மனுஷர். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்கு முன் ரத்தம் சோதித்துக்கொள்ளட்டும் என்று யாரோ சொல்ல, தேவிஸ்ரீ முதலில் போனாள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டைச் சுமக்கும் கேரியர் என்று முடிவு வந்தது. அவளுக்கு இதனால் நோய் ஒன்றும் இல்லை. ஆனால் மாப்பிள்ளையும் கேரியராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அப்படிப் பிறந்தால் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினாள்.

"இது இவ அம்மா பக்கம்" என்றார் காந்தன்.

திலகவதி கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

"அப்போ அங்கிள்கிட்டேருந்துதான் வந்திருக்கும்" என்றாள் நர்ஸ். "உங்க அக்காவுக்கும் இருக்கலாம். அக்கா மகனுக்கும் இருக்கலாம்."

"எங்க பக்கத்துல அதெல்லாம் கிடையாது லா!"

"டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம் அங்கிள்."

காந்தனுக்கு எடுத்தார்கள். இருந்தது.

"அப்பா, தினேஷுக்கும் இருந்தா என்னப்பா செய்றது?" என்று தேவிஸ்ரீ அழுதாள். தினேஷ்வரனும் ரத்தம் கொடுத்தான். முடிவு வரப் பத்து நாள். மூன்றாம் நாளே காந்தன் ஹரிதாஸ் வீட்டு வாசலில் நின்றார்.

"மச்சான், பையன் நடை உங்க நடைதான். மூக்கு உங்க மூக்கு. குறட்டைகூட உங்க குறட்டை. ரத்தமும் உங்களுதாத்தான் இருக்கணும். சொல்லுங்க மச்சான்."

"இதைச் சொல்ல உனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றார் ஹரிதாஸ். "உட்காரு, தேத்தண்ணி குடி."

பத்தாம் நாள் முடிவு வந்தது. தினேஷ்வரன் கேரியர் இல்லை. பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கடும் நோய் வராது. கேரியராக வேண்டுமானால் இருக்கலாம். காந்தன், கிளினிக் என்றும் பாராமல், ஹரிதாஸைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. மகளை அவ்வளவு நேசிக்கிற அப்பாக்கள் அதிகம் இல்லை.

அழுகை கார் நிறுத்துமிடம் வரைக்கும் தாங்கியது.

"பார்த்தியா திலகா, பையன் ரத்தம் எவ்வளவு சுத்தம்! அக்கா கீரையும் மீனுமா ஆக்கிப் போட்டு வளர்த்தா. எங்க பக்கத்துல சாப்பாட்டு விஷயத்துல ரொம்பக் கவனம்."

"வண்டியை எடுங்க" என்றாள் திலகவதி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் காந்தனைப்போல ஒருவரைத் தெரியும், இல்லையா? இதைப் படிக்கும்போதே அவர் முகம் கண்முன் வந்துவிட்டது. மாமனாரா? நாத்தனாரா? மைத்துனரா? யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் பிறந்த வீட்டில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது.

அப்படித்தானே?