இடம் மாறிய புகைபோக்கி

சனிக்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பது. சில்க்போர்க் என்ற டேனிஷ் நகரத்தின் நூலகத்தில், சிறிய மண்டபத்தில் நான் முதலில் கண்டது, என் படத்துக்கு முன்னால் நின்ற ஒரு மஞ்சள் மழை அங்கியை. அதற்குள் இருந்தவர் ஹென்ரிக். நான் பதினான்கு வருடமாக வேலை செய்த கதவுத் தொழிற்சாலையின் இயக்குநர்.

எங்கள் மாலை வகுப்பின் கண்காட்சி அது. லினோ என்ற ரப்பர் போன்ற தகட்டில் காட்சியைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் வகுப்பு. மற்றவர்கள் ஏரியையும் மரங்களையும் செதுக்கினார்கள். நான் ஏரிக்கரையில் நிற்கும் எங்கள் தொழிற்சாலையைச் செதுக்கினேன். (அழகுணர்ச்சி என்று நினைக்க வேண்டாம். மரத்தைவிடச் சுவர் சுலபம்.) மதிய இடைவேளையில் வெளியே நின்று யன்னல்களை எண்ணிக் குறித்திருந்தேன்: முப்பத்தாறு.

தொழிற்சாலையின் புது வரவேற்பறைக்கு இங்கிருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கப்போவதாக ஹென்ரிக் சொல்லியிருந்தார். அது என்னுடையதுதான் என்று கோல்டிங் நகரில் இருக்கும் எங்கள் உறவினர்கள் வரைக்கும் நான் அறிவித்து முடித்திருந்தேன். மாட்டப்போகும் இடத்தைக்கூடச் சொல்லியிருந்தேன்: கோப்பி இயந்திரத்துக்கு மேலே.

“அழகாக இருக்கிறது. இதை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?” என்று ஹென்ரிக் கேட்டார்.

இங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது. எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகளில் “தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்றால் முதலில் வேண்டாம் என்போம். திரும்பக் கேட்டால், ஏன் சிரமம் என்போம். மூன்றாம் முறைதான் கோப்பை கைக்கு வரும்.

“சேச்சே, இது பெரிய வேலையில்லை” என்றேன்.

“எனக்குப் பிடித்திருக்கிறது.”

இரண்டு முறை ஆயிற்று. இன்னும் ஒன்றுதான்.

“இல்லை, பிழைகள் இருக்கின்றன. ஒற்றினால் இடம் வலமாகிவிடும். படத்தைத் திருப்பி வைத்துச் செதுக்க மறந்துவிட்டேன். புகைபோக்கி உண்மையில் வலப்பக்கம். இங்கே இடப்பக்கம் நிற்கிறது, பாருங்கள்.”

ஹென்ரிக் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். அதுவரை அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

“அட, ஆமாம்.”

“கத்தி வழுக்கி ஒரு யன்னலும் போய்விட்டது” என்று உற்சாகமாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் விரல் வைத்து எண்ணினார். முப்பத்தைந்து.

“நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி” என்று கைகொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மூன்றாவது முறை கேட்பார் என்று ஏழு நிமிடம் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் என் வகுப்புத் தோழி பிர்கிட்டின் பசுமாடுகளைத் தேர்ந்தெடுத்தார். (அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால். பிர்கிட் வாயைத் திறக்கவில்லை.)

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த என் மனைவி சுமதி, காரில் ஏறும்வரை பொறுத்தாள்.

“இஞ்சேருங்கோ, எடுக்க வந்த மனுசனுக்கு ஏன் பிழையை எண்ணிக் காட்டினனீங்கள்?”

“மூண்டாந்தரமும் கேப்பார் எண்டு நினைச்சன்.”

“ஏன், அவர் சம்பந்தம் பேசவோ வந்தவர்?”

திங்கட்கிழமை கோப்பி இயந்திரத்துக்கு மேலே மாடுகள் நின்றன. அன்று பின்னேரம் கோல்டிங்கிலிருந்து தொலைபேசி வந்தது. சுமதிதான் எடுத்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

இது நடந்து ஒன்பது வருடம். இப்போதும் எங்கள் சொந்தத்தில் யாராவது சமையலைப் புகழ, சமைத்தவர் “உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு” என்று தொடங்கினால், என் மகள் அபி “ஸ்கோர்ஸ்டீன்!” என்று கத்துவாள். டேனிஷில் புகைபோக்கி. சமைத்தவர் உடனே வாயை மூடிக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொள்வார்.

அந்தப் படம் எங்கள் குளியலறையில், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே தொங்குகிறது. கண்ணாடிக்குள் புகைபோக்கி வலப்பக்கம் நிற்கிறது.