லேபிள்காரர் ஸ்ட்ரைக்கும் மாரக்காளின் கேசட்டும்

நெருப்பெரிச்சல்,
வியாழக்கிழமை.

தாராபுரத்தில் வக்கீல் தொழில் பார்க்கும் அன்பு மாப்பிள்ளை ராசப்பன் அவர்களுக்கு, மச்சான் கிட்டுசாமி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்கா மாரக்காள், மகள் கீர்த்தனா மூவரும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் அதேபோல நலமாக இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்தனுப்பிய முருங்கைக்காய் தீர்ந்துவிட்டது என்று அக்கா எழுதச் சொன்னாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயந்துவிட வேண்டாம். போனில் பேசினால் அக்கா காதில் விழும், விழுந்தால் நான் இந்த ஊட்டில் இருக்க முடியாது. அவள் பீரோவில் வைத்திருந்த கேசட்டை நான் சொல்லாமல் எடுத்ததில் வந்த வினை இது.

நம் பனியன் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து இருக்கிறாரே, தென்காசிப் பக்கத்துக்காரர், அவர் ஞாயிற்றுக்கிழமையானால் கல்யாண மண்டபங்களில் டிஜே. நாலு மணிக்கு மேல் டைலர்களுக்குக் கை ஓடுவதில்லை என்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன். மனுசன் முப்பது பாட்டை வெட்டி ஒட்டி, நடுவில் மூச்சே விடாமல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மிக்ஸ் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அதில் அக்காவின் கேசட்டில் இருந்த கும்மிப் பாட்டைச் சேர்க்கச் சொன்னது நான்தான், அது வரும்போது அவள் கால் தானாகத் தாளம் போடும், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். மிக்ஸ் போட்ட அன்று ஆறு மணி வேலை அஞ்சு மணிக்கு முடிந்தது, மாப்பிள்ளை! அந்தச் சந்தோசத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். பாட்டுக்குப் பாட்டு, "நெருப்பெரிச்சல் கிட்டுசாமி வழங்கும்!" என்று என் குரலையும் சேர்த்து, கம்பெனி யூடியூப் சேனலில் ஏற்றிவிட்டேன். திருடன் போகிற இடமெல்லாம் பேரும் ஊரும் சொல்லிக்கொண்டு போனது மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் செல்போனில் ஒரு மெயில் வந்தது. இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது ரெண்டே வார்த்தை. ஒன்று லேபிள், இன்னொன்று ஸ்ட்ரைக். லேபிள் செக்சனில் ஸ்ட்ரைக்! ஏற்றுமதிக்கு நாள் நெருங்கும் நேரம் பாருங்க. ஓடிப்போய் போண்டாவும் டீயும் வாங்கிக்கொண்டு, பனியனுக்கு லேபிள் வைத்துத் தைக்கும் எட்டுப் பேர் முன்னால் நின்றேன். எதுவாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாமுங்க, டீ நேரத்தில் பத்து நிமிசம் சேர்த்துக்கங்க, புது ஃபேன் ரெண்டு மாட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். லேபிள் செக்சன் நதியா போண்டாவைக் கடித்துக்கொண்டே கேட்டது: "நாங்க எப்ப மொதலாளி ஸ்ட்ரைக் பண்ணுனோம்? சரி, அது கெடக்கட்டும். ஃபேன் எப்ப வரும்?"

அப்புறம்தான் கீர்த்தனா படித்துச் சொன்னாள். லேபிள் என்றால் பாட்டுக் கம்பெனியாம். அவர்கள் பாட்டை நாம் கேட்காமல் போட்டதற்குக் கொடுக்கும் எச்சரிக்கைதான் ஸ்ட்ரைக்காம். மூணு ஸ்ட்ரைக் வந்தால் சேனலையே மூடிவிடுவார்களாம். இசக்கிமுத்துவைக் கூப்பிட்டேன். "என்ன மொதலாளி இப்பிடிச் சொல்லுதிய? முழுப் பாட்டப் போட்டாத்தான் தப்பு. நாமதான் வெட்டிட்டோம்லா!" என்றார். கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாமல் இருக்க, குரலைக் கீச்சென்று ஏற்றி, வேகத்தையும் கூட்டி, மறுபடி ஏற்றினார். பாடகர் அணில் மாதிரி பாடினார். டைலர்கள் அந்த வேகத்துக்குத் தைத்து, முந்நூறு பனியனில் வலது கையை இடது பக்கம் வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் அடையாளம் தெரிந்துவிட்டது. ரெண்டாவது ஸ்ட்ரைக்.

எனக்கும் ரோசம் வந்து, காசு கொடுத்து வாங்கின கேசட்டு, நம்ம இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டினால் இவனுக்கு என்ன என்று கத்தினேன். கீர்த்தனா, "ஏனுங்கப்பா, போன வருசம் நம்ம காலர் டிசைன அடுத்த யூனிட்டுக்காரரு வெட்டி ஒட்டித் தெச்சப்ப, அவரு ஊட்டு வாசல்ல போயி நின்னு சண்டை புடிச்சீங்களே, அது என்னங்க?" என்றாள். சுருக்கென்று இருந்தது.

இப்போது அந்தக் கும்மிப் பாட்டுக்கு உங்கள் ஊர் 'அமராவதி கேசட்ஸ்' என்று ஒரு கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீசே வந்துவிட்டது. ஏழு நாளில் மன்னிப்புக் கேட்காவிட்டால் மூணாவது ஸ்ட்ரைக்காம். எனக்கு மானம் போனால்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை நம்மிடம் பனியன் வாங்க வரும் வெளிநாட்டுப் பையர் நம் யூனிட் வீடியோவை அந்தச் சேனலில்தான் பார்க்கப் போகிறார். சேனல் மூடிக் கிடந்தால் கம்பெனியே மூடியாச்சு என்று நினைத்து ஆர்டரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். நாற்பது பேர் வேலை மாப்பிள்ளை. மிக்ஸை எடுத்துவிட்டேன். நோட்டீசில் முதல் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, அவ்வளவு திமிர். "தங்களது கேவலமான அத்துமீறல்" என்கிறான். அந்த வக்கீல் யாரோ, ஊட்டில் அவனுக்கு ஒழுங்காகச் சோறு போடுவதில்லையா? சட்டம் படித்தானா, சந்தையில் கத்தப் படித்தானா? நம்மீது தப்பிருந்தால் இருக்கட்டும். நீங்கள் அந்த ஆள் ஜென்மத்துக்கும் பேனா எடுக்காத மாதிரி ஒரு பதில் எழுதித் தரவேண்டும். விசயம் அக்காவுக்குத் தெரியவே கூடாது.

குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் தொழில் மேலும் மேலும் விருத்தியாகி, கட்சிக்காரர்கள் வாசலில் நிறைந்திருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
கிட்டுசாமி

பின்குறிப்பு: கீர்த்தனா இப்போதுதான் நோட்டீசின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கையெழுத்து உங்களுடையது. கட்டுக் கட்டாக வந்த நோட்டீசில் கையெழுத்துப் போடும்போது யாருக்கு என்று நீங்களும் பார்க்கவில்லை, யாரிடமிருந்து என்று நானும் பார்க்கவில்லை. ஆறு பக்கம் எழுதியாகிவிட்டது, திரும்ப எழுதக் கை வலிக்கிறது. ஆகவே வக்கீலைப் பற்றிய வரிகளை நீங்களே அடித்துவிடுங்கள். சோறு விசயத்தைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டவேண்டாம். கீர்த்தனா போட்ட சத்தத்தில் அக்காவுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. என்னை ஒன்றும் சொல்லவில்லை, உங்களைத்தான் திட்டிக்கொண்டு இருக்கிறாள். திட்டிக்கொண்டே அந்தக் கேசட்டின் உள் அட்டையைப் பிரித்து என் முன்னால் போட்டாள். அதில் உங்கள் கையெழுத்தில் இருப்பது: "அக்காவுக்கும் மச்சானுக்கும் கல்யாணப் பரிசு. ஊருக்கே கேக்கற மாதிரி சத்தமாப் போடுங்க. ராசப்பன்." நகல் இணைத்துள்ளேன். உங்கள் கட்சிக்காரரிடம் காட்டிவிட்டுத் திங்கட்கிழமைக்குள் பதில் போடவும்.