மரியாதை ஒப்பந்தம்

“ஏய் எலி தின்னி! அந்தக் கத்தரிக்கோலை இங்க குடு!”

“வந்து எடுத்துக்கடி, குரங்கு தின்னி! உனக்குத்தான் தாவத் தெரியுமே!”

மேனேஜர் டிரோ காதைப் பொத்திக்கொண்டார். போட்ஸ்வானாவிலிருந்து இந்த என்டோலா நகர மெத்தைத் தொழிற்சாலைக்கு வந்து மூன்று மாதம். வெள்ளிக்கிழமை டைரக்டர் அம்மா வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம். தினமும் போல அந்த நேரத்திலுமா தையல்காரி சிலுஃப்யாவும் துணி வெட்டும் ஜெரேயும் இப்படி மல்லுக்கு நிற்க வேண்டும்?

முதலில் இருவருக்கும் நடுவே மெத்தைகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார். போச்சுடா! காது கேட்கவில்லையென்று இருவரும் தொண்டை கிழியக் கத்த, ரோட்டில் போனவர்களெல்லாம் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“மன்னிப்புக் கேட்டுக்கங்க.”

“இவகிட்டயா?” ஜெரே நெஞ்சை நிமிர்த்தினான். “எங்க அப்பன் கேட்டதில்ல, பாட்டன் கேட்டதில்ல. நான் கேக்கணுமா?”

“அப்ப உன்னை வேலைய விட்டே தூக்கிடுவேன்.”

“தூக்குங்க பாக்கலாம்!” என்று மேசையில் ஓங்கித் தட்டியவள் சிலுஃப்யா. “அவன் போனா நானும் போவேன். தையல் பிரிவே என் பின்னாடி வரும்.”

“நீதானேம்மா அவனைத் திட்டினே?”

“நான் திட்டுவேன். அவனைத் தூக்க நீங்க யாரு பாஸ்?”

டிரோ தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், ‘இனி மரியாதையாக மட்டுமே பேசுவோம்’ என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மரியாதைதானே வேணும்? குடுத்துட்டாப் போச்சு” என்று கையெழுத்துப் போட்டார்கள்.

கொடுத்தார்கள் பாருங்கள் மரியாதை!

“மதிப்பிற்குரிய திரு. ஜெரே அவர்களே, தங்கள் கத்தரிக்கோல் கிடைக்குமா?”

“சிலுஃப்யா அம்மையார் அவர்களே, எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.”

ஒரு துணி வெட்ட அரை நாள் ஆனது. வேலை படுத்துவிட்டது. ஆனாலும் அமைதி வந்ததே, அது போதும் டிரோவுக்கு. அந்தத் தாளைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் முசோண்டா அம்மா வந்தார். இரண்டு நிமிடம் நின்று கேட்டதுமே அவர் முகம் வெளிறிப்போனது.

“அடக் கடவுளே! சிலுஃப்யா பெம்பா இனம், ஜெரே ங்கோனி இனம். ரெண்டு இனமும் ஒண்ணையொண்ணு கேலி பண்ணியே பழகுற மாமன் மச்சான் முறைக்காரங்க! சாவு வீட்டுலகூடக் கேலிய விடாத சனமாச்சே! ஆறு வருஷமா திட்டிக்கிட்டே ஒத்துமையா இருந்தவங்களுக்குள்ள யாருய்யா சண்டை மூட்டிவிட்டது?”

காவலாளி சோகோ சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி நீட்டினார்.

“மேனேஜர் ஐயாதாம்மா. ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வேற வாங்கி வெச்சிருக்காரு.”