கிச்சாப்புக்குக் கோழி ஆகாது

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை புவனேசன் அவர்களுக்கு,

பீடோங்கிலிருந்து மாமனார் அய்யாவு எழுதும் மடல். இங்கே நானும் உங்கள் அத்தை அழகம்மாவும் நலம். உங்கள் நாய் எங்கள் இருவரையும்விட நலம். ஜொகூரில் நீங்கள் நலமாக இருப்பதை மகள் சாந்தினி போடும் ஸ்டேட்டஸ் படங்களில் தினமும் பார்த்து வருகிறோம். அந்த நண்டுக் கடைக்கு இவ்வளவு அடிக்கடி போகத்தான் வேண்டுமா என்று அத்தை கேட்கச் சொன்னாள். கைப்பேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் மூச்சுப் பிடித்துப் பேசி அனுப்பினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவுக்கு வருவது? ஆகையால் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன், உட்கார்ந்து படிக்கவும்.

முதலில் வெற்றிச் செய்தி. கிச்சாப்பின் அரிப்பு நின்றுவிட்டது. அவனை இங்கே கொண்டுவந்து விட்டபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். “ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டு ஊளையிடுறான் மாமா, மேல் மாடி கீழ் மாடி எல்லாரும் கம்ப்ளேன் பண்றாங்க. அரிப்பு நிக்கட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போயிர்றேன்” என்றீர்கள். நிறுத்திக் காட்டுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். ஆகவே இந்த மாதம் கடைசி சனிக்கிழமை தாங்கள் வந்து அவனை அழைத்துக்கொண்டு போகலாம். இது எப்படி நடந்தது என்பதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதைச் செய்ய வேறு ஆளால் முடிந்திருக்காது.

வந்த புதிதில் அவன் நிலைமையை அத்தைகூடப் பார்க்கச் சகிக்காமல் இருந்தாள். கிச்சாப் என்கிற சோயா சாற்றைப் போத்தலிலிருந்து ஊற்றியதைப் போலக் கருகருவென்று இருக்கிறானே என்றுதான் நீங்கள் அந்தப் பெயரே வைத்தீர்கள், ஆனால் வயிற்றில் முடி கொட்டி, காது சிவந்து, பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கி வைத்திருந்தான். பக்கத்து வீட்டு ராக்காயி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னாள், பூசினோம், கறுப்பு நாய் பச்சை நாயாகி அத்தையின் சோபாவும் பச்சையாகியது, அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துச் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோய் நாய் டாக்டர் ஷீலாவிடம் காட்டினேன். டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “அங்கிள், இவனுக்கு ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கல. எதுன்னு இப்ப சொல்ல முடியாது. இதுவரைக்கும் இவன் சாப்பிடாத கறி ஒண்ணு, கிழங்கு ஒண்ணு, எட்டு வாரம் அது மட்டும்தான். ஒரு துண்டு பிஸ்கட் உள்ள போனாலும் மறுபடியும் மொதல்லேருந்து லா” என்றார். எதுவென்று சொல்ல முடியாது என்று டாக்டர்தான் சொன்னார், எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஜொகூரில் நீங்கள் போட்டதெல்லாம் கோழி, கோழிச் சோறு, கோழி பிஸ்கட். ஆகவே குற்றவாளி கோழி. முப்பது வருடம் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவனுக்கு ஆள் பிடிக்கத் தெரியாதா?

ஆட்டுக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் என்று முடிவானது. உப்பு கூடாது, மஞ்சள் கூடாது, வெங்காயம் கூடவே கூடாது, வெறும் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். அத்தை சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “இது அந்த ஆட்டுக்குச் செய்யிற அவமானம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முதல் இந்த வீட்டில் நாய்க்கு ஆட்டுக்கறி, எங்களுக்கு ரசமும் அப்பளமும். நான் காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் எடுத்த கண்டிப்போடு அவன் சாப்பாட்டைக் கவனித்தேன். ஒரு காலத்தில் இருநூறு பேரை நேரத்துக்கு மரத்தடியில் நிறுத்தியவன், ஒரு நாயின் வாயைக் காவல் காக்க முடியாதா என்று நினைத்தேன். முடிந்தது, ஆனால் அந்த இருநூறு பேர் எவ்வளவு நல்லவர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

எங்கள் தாமான் குடியிருப்பில் கிச்சாப்பைப் பார்த்து யாரும் சும்மா போவதில்லை. அவனும் எல்லார் வீட்டு வாசலிலும் பட்டினி கிடந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான், நீங்கள் வளர்த்த லட்சணம். ஆகையால் ஓர் அட்டையில் “எனக்குக் கோழி தராதீர்கள்” என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, மூன்றாம் வீட்டு சீனரிடம் அவர் மொழியிலும் எழுதி வாங்கி, கழுத்தில் கட்டிவிட்டேன். நம் மக்கள் மிகவும் மரியாதைப்பட்டவர்கள், மாப்பிள்ளை. யாருமே கோழி தரவில்லை. மீன் தலை தந்தார்கள், சொசேஜ் தந்தார்கள், ஒரு வீட்டில் கேக்கே வெட்டித் தந்திருக்கிறார்கள். அட்டையை மாற்றி “எனக்கு எதையும் தராதீர்கள்” என்று எழுதினேன். அதைப் பார்த்தவர்கள், பாவம், கிழவன் நாயைப் பட்டினி போடுகிறான் போலிருக்கிறது என்று இரண்டு பங்கு போட்டார்கள். கடைசியில் அட்டையைக் கழற்றி வீசிவிட்டு, சங்கிலியின் ஒரு முனையை அவன் கழுத்திலும் மறு முனையை என் இடுப்பு பெல்ட்டிலும் மாட்டிக்கொண்டு, எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். முடிவெட்டும் கடைக்குக்கூட இருவரும் சேர்ந்தேதான் போனோம்.

அப்படியும் ஒரு தவறு நடந்தது, ஆனால் அது என் தவறு அல்ல. புரட்டாசி பிறந்துவிட்டது, ராக்காயி சைவம். நான் குளிக்கப் போன நேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு நிறைய சைவக் கோழியை இவனுக்குப் போட்டுவிட்டாள். சைவக் கடையில் விற்கிறார்களே, கோழி மாதிரியே நார் நாராக, அதுதான். என்ன காரியம் செய்தாய் என்று கேட்டால், “கோழிதானே கூடாதுன்னீங்க? இது சைவக் கோழி லா அண்ணே. அவனும் புரட்டாசி பிடிச்சா புண்ணியந்தானே” என்கிறாள். மறுநாளே காது சிவந்துவிட்டது. டாக்டர், “அங்கிள், அது பூரா சோயாவும் கோதுமையும்” என்று ஏதோ சொன்னார். நான் ஒன்றைக் கவனித்தேன்: சைவமானாலும் கோழி கோழிதான். அந்தப் பேர் வைத்த எதுவும் இவனுக்கு ஆகவில்லை. எப்படியோ, எட்டு வாரமும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

புரட்டாசியில் அடுத்த தொல்லை அடுப்பங்கரையிலேயே வந்தது. அத்தை மாதம் முழுவதும் விரதம், வீட்டுக்குள் கறி வேகக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டாள். நான் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கக் கால்வாய் ஓரமாக வைத்துச் சமைத்தேன். புரட்டாசி சனிக்கிழமை, தாமான் முழுக்க சாம்பிராணியும் சாம்பாரும் மணக்கிறது, அய்யாவு வீட்டில் மட்டும் ஆட்டுக்கறி மணக்கிறது. கோயில் தலைவர் முருகையா நேராக வந்துவிட்டார். “அண்ணே, தப்பா நெனக்காதீங்க, ஜனங்க பேசிக்கிறாங்க” என்றார். “நாய்க்கு லா முருகையா” என்றேன். “எல்லாரும் அப்படித்தான் அண்ணே சொல்லுவாங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம். உப்பில்லாத கறியை மனிதன் தின்பானா, நீரே வாயில் வைத்துப் பாரும் என்று கரண்டியை நீட்டினேன், அவர் விரதமென்று நான்கு அடி பின்னால் தாவி கால்வாயில் ஒரு காலை விட்டுவிட்டார். பிறகு நாற்காலி போட்டு உட்கார வைத்து, கிச்சாப் கடைசித் துண்டு வரை தின்று முடிப்பதைக் கண்ணால் காட்டித்தான் அனுப்பினேன். அன்று மாலை பூசை முடிந்ததும், “அய்யாவு அண்ணன் வீட்டு ஆட்டுக்கறி நாய்க்கு மட்டுந்தான், நானே சாட்சி” என்று மைக்கில் அறிவித்தார். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்று தெரிந்தது.

தீபாவளியை எப்படித் தாண்டினேன் என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் கோழிக் குழம்பு, வருவோர் போவோர் கையிலெல்லாம் தட்டு. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, புது வேட்டியோடு கிச்சாப்பை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டேன். மரத்தடியில் துண்டை விரித்து, அவனுக்குக் கட்டிக்கொண்டு போன கறியையும் கிழங்கையும் வைத்தேன். எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொள்ள மறந்துபோயிருந்தேன். அவனிடமே இரண்டு துண்டு கிழங்கு கேட்டு வாங்கித் தின்றேன். மாலை வரை அப்படியே இருந்தோம். நான் பேசினேன், அவன் கேட்டான், இந்த வீட்டில் யாரும் என்னை அவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை. திரும்பி வந்தபோது அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “தீவாளி அன்னிக்கு வீட்டு ஆம்பள நாயோட செம்பனக் காட்டுல உக்காந்திருந்தா, வர்றவங்களுக்கு நான் என்னான்னு பதில் சொல்றது?” நல்ல கேள்விதான், ஆனால் அன்றைக்கு அவன் ஒருமுறைகூடச் சொறியவில்லை.

எட்டு வாரம் முடிந்தது. இப்போது வந்து பாருங்கள், வயிற்றில் முடி முளைத்துவிட்டது, காது உள்ளே வெளுத்துச் சுத்தமாக இருக்கிறது, இரவில் என் கட்டிலுக்குக் கீழே படுத்தால் விடியும்வரை சத்தமில்லை. குறட்டை மட்டும் விடுகிறான், அதுவும் என்னுடையதில் கேட்பதில்லை. டாக்டரிடம் காட்டினால் கை கொடுப்பார் என்று பார்த்தேன். அவர், “சூப்பர் அங்கிள். இப்ப கோழி குடுத்துப் பாருங்க, மறுபடியும் சொறியிறானான்னு பாப்போம், அப்பத்தான் உறுதியா சொல்ல முடியும்” என்கிறார். இவ்வளவு பாடுபட்டு நான் ஒழித்த கோழியை என் கையாலேயே கொடுக்க வேண்டுமாம்! படித்தவர், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கொடுக்கப் போவதில்லை. எனக்கு எல்லாம் உறுதியாகத் தெரியும்.

ஆகவே சனிக்கிழமை வாருங்கள். அவன் பாத்திரம், போர்வை, சங்கிலி எல்லாம் கழுவி வைத்திருக்கிறேன். கிழங்கை மசித்துக் கொடுக்கக் கூடாது, துண்டு துண்டாகத்தான் பிடிக்கும். இடி இடித்தால் பயப்படுவான், பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், என்ன பேசினாலும் சரி. வீடு கொஞ்ச நாளைக்கு வெறிச்சென்றுதான் இருக்கும். எனக்கு வருத்தமாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை, ஆனாலும் நாய் தங்களுடையது, வாக்கு என்னுடையது. அதில் மாற்றமில்லை.

சாந்தினிக்கு எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி, மேல் மாடியோடும் கீழ் மாடியோடும் சண்டை சச்சரவின்றி, நீடூழி வாழ முனியாண்டி சாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத தங்கள் மாமனார்,
அய்யாவு

பின்குறிப்பு: இதை எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன் மாப்பிள்ளை, இப்போது பிரித்துத்தான் இதைச் சேர்க்கிறேன். அனுப்பத்தான் கை வரவில்லை. ஒவ்வொரு நாளும் மோட்டாரில் டவுனுக்குப் போவேன், கிச்சாப் முன்னால் உட்கார்ந்திருப்பான், கடிதத்தோடு திரும்பி வந்துவிடுவேன். இப்படியே நாள் போய்விட்டது. நேற்று அத்தை சமையலறையில் நின்றுகொண்டு இவனுக்குக் கோழித் தொடையைப் பிய்த்துப் போடுவதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அலறிவிட்டேன். அவள் அசரவில்லை. “எதுக்குக் கத்துறீங்க? ரெண்டு வாரமா தெனம் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். டாக்டர் சொன்னதத்தானே செஞ்சேன். எங்கயாச்சும் சொறிஞ்சானா? காதப் புடிச்சுப் பாருங்க” என்றாள். பிடித்துப் பார்த்தேன். காது வெள்ளை வெளேரென்று இருந்தது. எதற்கடி இப்படிச் செய்தாய் என்றேன். “மறுபடி சொறிஞ்சா இங்கயே இருப்பான்னுதான். அவன் போயிட்டா நீங்க என் பின்னாலதானே பேசிக்கிட்டே வருவீங்க” என்றாள்.

உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். “அப்ப கோழி இல்ல அங்கிள்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இனி முட்டை, பால், கோதுமை, சோயா என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், நடுவில் ஓய்வு வேறு. சோயாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்றார். இதற்கு நடுவில் நாயை ஜொகூருக்கு மாற்றினால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். “இப்ப வேணாம் லா அங்கிள், ஒரே வீடு ஒரே கைன்னா நல்லது” என்றார். ஸ்பீக்கரில் போட்டு, அத்தை காதிலும் விழும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

எனவே மேலே எழுதிய அனைத்தையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். கோழி நிரபராதி. அரிப்பு நின்றது வேறு, நோய் தெரிந்தது வேறு. சனிக்கிழமை தாராளமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் அவனுக்கென்று காடியில் பின் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு வர வேண்டாம். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மாப்பிள்ளை: கோழி இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம், நீங்கள் சாந்தினியைப் பெண் கேட்டு வந்த அன்றுகூட வந்ததில்லை.