ஜீப்புக்கு எவர்சில்வர்

அன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள்: குழந்தைசாமியாகிய நான். என் மனைவி கண்ணாயி. பக்கத்து வீட்டுப் பெருமாயி; அவளை யாரும் கூப்பிடவில்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் தரணிதரன். பானெட்டைத் திறந்து வைத்த என் ஜீப். ஐந்தில் சத்தம் போடாதது ஜீப் ஒன்றுதான். அதுவும் நிறுத்தி வைத்திருந்ததால்.

இன்ஜினின் நான்கு வாய்களில் வரும் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் குழாய் வெடித்திருந்தது. மெக்கானிக்குகள் அதை ஹெட்டர் என்பார்கள். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. குழாய் வெடித்ததிலிருந்து குண்டூர் நாட்டில் நான் வண்டியை எடுத்தால், பெரக்கரை நாட்டில் அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடியது.

ஓடினால் ஓடட்டும். எனக்குக் கண்ணாயியின் காதுதான் தொல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி. ஜீப்பை மலைக்கு மேலேயே ஓட்டவேண்டும், கீழே இறங்கக் கூடாது என்பது அவள் சட்டம். கீழே ஒரு ஜிலேபிக் கடை இருக்கிறது. மலைமேலேயே இருக்கும் செம்மேட்டுக்கு என்று சொல்லிவிட்டு மலைப்பாதையில் இறங்குவேன். உடனே போன் அடிக்கும்.

“ஏனுங்க, ஒன்பதாவது வளைவுல உங்களுக்கு என்ன வேலை?”

கிழங்கு உரித்துக்கொண்டே சத்தத்தைக் கேட்டுச் சொல்வாள். நான் திரும்பி வந்துவிடுவேன்.

ஆகவே முடிவு கட்டினேன். சத்தம் வராத புதுக் குழாய் போடுவேன். எழுபது வளைவும் இறங்குவேன். செத்தாலும் நாக்கில் ஜீராவோடு சாவேன்.

தரணிதரன் சாக்கை விரித்து இரண்டு குழாய்களை வைத்தான். ஒன்று இரும்பு, சூடு தாங்கும் கறுப்புப் பூச்சு கொடுத்தது. மற்றது எவர்சில்வர். முகம் பார்த்துத் தலை வாரலாம்.

“ரெண்டும் சத்தத்த அடக்கீரும்ங்க ஐயா. இரும்பு வெல கம்மி. ஆனா பூச்சு எங்கயாச்சும் பேந்துச்சுன்னா, இந்தப் பனிக்கு அங்கயே துரு ஏறிக்கும். எவர்சில்வர் உங்களுக்கப்பறமும் இருக்கும். ஒண்ணே ஒண்ணுங்க, அது சூடேறுச்சுன்னா...”

“சூடேறினா ஆறும். மேல சொல்லு.”

“கறுப்பே போடு சாமி” என்று தரணிதரனிடம் சொன்னாள் கண்ணாயி.

“ஏன்?”

“பானெட்டுக்குள்ள கெடக்கறதுக்கு எதுக்குங்க பவுசு? அதத் தெறந்து யாரு பாக்கப் போறா?”

“உனக்குத் தண்ணி மோக்கக்கூட எவர்சில்வர் சொம்பு. என் வண்டிக்குன்னா இரும்பா?”

“வண்டி உங்களாட்டங்க. கறுப்புத்தான் பொருத்தம்.”

பெருமாயி சிரித்த சிரிப்பில் அவள் வெற்றிலை தரணிதரன் சட்டை வரைக்கும் வந்தது.

“எவர்சில்வர்தான்!” என்றேன்.

“கறுப்பு வாங்கலீன்னா எங்க அப்புச்சி ஊட்டுக்குப் போயிருவேன்.”

“உங்க அப்புச்சி செத்து முப்பது வருசமாச்சு.”

“ஊடு இருக்குதில்லீங்க?”

நான் அசையவில்லை. எவர்சில்வரைக் கையில் எடுத்து, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டேன். கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் நான் பெற்ற முதல் வெற்றி. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

குழாய் மாட்டியாகிவிட்டது. வண்டி பூனையைப் போல நடந்தது. இரண்டு நாள் நல்ல பிள்ளையாகச் செம்மேட்டுக்கு மட்டும் போய் வந்தேன். இரண்டு நாளும் கண்ணாயி, புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்கவேண்டும் என்று பானெட்டைத் தூக்கச் சொன்னாள். தோல்வியிலும் என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இறங்கினேன். ஒன்பதாவது வளைவு. போன் அடிக்கவில்லை. நாற்பதாவது வளைவு. அடிக்கவில்லை. ஜிலேபி சட்டியிலிருந்து நேராக என் கைக்கு வந்தது. ஏறும்போது வண்டி இரண்டாவது கியரில் முக்கி முக்கி ஏறியது. நான் பாட்டுப் பாடினேன்.

வாசலில் கண்ணாயி நின்றாள்.

“எங்கீங்க போயிட்டு வாரீங்க?”

“செம்மேடு.”

“பானெட்டத் தூக்குங்க.”

“எதுக்கு?”

“பொட்டு அழிஞ்சிருக்கும்.”

தூக்கினேன். கண்ணாடியாக இருந்த குழாய் மயில் கழுத்தைப் போல நீலம் பாய்ந்து கிடந்தது.

“செம்மேட்டுக்குப் போயிட்டு வந்தா வைக்கோல் நெறம் வருதுங்க. ரெண்டு நாளாப் பாத்தேன். இது அந்தச் சூடு இல்ல. எழுவது வளைவு ஏறுன சூடு.”

“வெயில் கொஞ்சம்...”

“கல்யாணமான நாள்லருந்து எவர்சில்வர் கழுவறேன். ஏனம் அடுப்புல எத்தன நேரம் கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

“கறுப்பா இருந்திருந்தா?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுங்க. அதுக்குத்தான் கறுப்பு வேணும்னு அந்தக் கத்துக் கத்துனேன். நான் வேணும்னத நீங்க என்னைக்கு வாங்கியிருக்கீங்க?”

நான் பானெட்டை இறக்கப் போனேன். கையைத் தடுத்தாள்.

“செரி, எத்தன ஜிலேபி?”

இடத்தைப் பற்றி எனக்குப் பொய் வரும். எண்ணிக்கையில் வராது. வளர்ந்த விதம் அப்படி.

“வாங்கினது பத்து. கடையில தின்னது ரெண்டு. சீட்டுக்கடியில எட்டு.”

பொட்டலம் வெளியே வந்தது. வாசம் பிடித்துப் பெருமாயியும் வந்தாள். அவளுக்கு மூன்று. போல்ட் முடுக்க வந்திருந்த தரணிதரனுக்கு இரண்டு. “இதத்தாங்க ஐயா அன்னைக்குச் சொல்ல வந்தேன்” என்றான், வாய் நிறைய. கண்ணாயி இரண்டை என் எதிரிலேயே உட்கார்ந்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்துத் தின்றாள்.

“எனக்குத்தான் சர்க்கரை இல்லீங்களே.”

பிறகு புளியும் தேங்காய் நாரும் என் கைக்கு வந்தன.

“தேச்சு வெள்ளையாக்கி வெச்சாத்தான் நாளைக்குச் சாவி. தெனமும் பாப்பேன்.”

“இன்னொண்ணு இருக்குதே கண்ணாயி” என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

“எறும்புக்குச் சர்க்கரை வியாதி வராதுங்க” என்று அதை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், என் காலடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நான் தேய்த்தேன். ஜிலேபி மேல் ஏறிய எறும்புகள் நாற்பத்தேழு. எனக்கு மீதி பூஜ்யம்.