எல்லா ஓட்டத்துக்கும் ஒரே சைக்கிள்

கூச்ச சுபாவம் உள்ளவன் எதையும் தனக்கென்று வாங்குவதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு வருகிறான். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் என் சைக்கிளும் அப்படித்தான் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அதன் பின்பக்க ஸ்டோரில் எனக்கு வேலை. ஆணிப் பெட்டிகள் சுகம் விசாரிப்பதில்லை. அதனால் அந்த வேலை எனக்கு உயிர். ஸ்டோரில் நானும் நிசாமும் இருந்தோம். வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை முதலாளி ஹாஜியார் சொன்னார்: "ஸ்டோருக்கு இனி ஒரு ஆள் காணும். திங்கக்கிழமை எட்டு மணிக்கு யார் முதல்ல வாறாரோ, அவருக்குச் சாவி. மத்தவர் முன்னால கவுண்டருக்கு."

கவுண்டர் என்றால் நாள் முழுக்க மனிதர்களோடு கதைக்க வேண்டும். எப்படியாவது திங்கள் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாத காலம். சைக்கிள்தான் வழி.

வீட்டில் மூன்று பேர். வாங்கக்கூடியது ஒரு சைக்கிள். ஆகவே அது எல்லா ஓட்டத்துக்கும் உதவ வேண்டும் என்று முடிவானது. மனைவி மார்க்கெட்டுக்குப் போக முன்னால் கூடை, பின்னால் கரியர். மகள் தெஹிவளைக்கு டியூஷன் போகப் பதிந்த சீட். ரொறன்ரோவில் இருந்து மச்சான் வீடியோவில் வந்தான். "அத்தான், டயர் மொத்தமா எடுங்கோ. கியர் கட்டாயம். கொழும்பு ரோட்டை நம்பேலாது." அவன் கொழும்பு ரோட்டைப் பார்த்துப் பல வருடம். இருந்தாலும் "ஓம்" என்றேன். (நான் "ஓம்" சொல்லாத ஆள் இனித்தான் பிறக்க வேண்டும்.)

கடைசியில், மலையேறும் டயரும் மீன்காரரின் கூடையும் பள்ளிப்பிள்ளையின் சீட்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பிராணி கிடைத்தது. அதில் ஏறினால் என் முழங்கால் நாடியில் இடித்தது. கியர் சைக்கிளுக்குச் செயின் கவர் வராது, பரவாயில்லையா என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். "கமக் நே" என்றேன். நான் ட்ரவுசர் போடுகிறவன். காலை மடித்துவிட்டால் போயிற்று.

எல்லா ஓட்டத்தையும் யோசித்த நாங்கள், முதல் ஓட்டத்தை யோசிக்கவில்லை.

திங்கள் விடியவே புது வாகனம் பிள்ளையார் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். வேட்டி கட்டி, மேலே ஒன்றுமில்லாமல், நான் வாசலில் நின்றேன். ஐயர் ஹாண்டிலுக்குச் சந்தனம் பூசி, கூடைக்கு மாலை போட்டு, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார்.

"உருட்டினாக் காணும்" என்றார் ஐயர்.

"இஞ்சேருங்கோ, ஏறி ஓடுங்கோ" என்றாள் மனைவி. "முதல் நாளே தள்ளினா, பிறகு வாழ்நாள் முழுக்கத் தள்ளுறதுதான்."

ஏறினேன். தேசிக்காய் நசிந்தது. அதோடு வேட்டியின் கரையும் செயினுக்குள் போனது. பதற்றத்தில் இன்னும் மிதித்தேன். வேட்டி என்னைக் கீழே இழுத்தது, சைக்கிள் நின்றது. இறங்கினால் வேட்டி வராது. வேட்டியை விட்டு இறங்கலாம். ஆனால் கோயிலுக்கு முன்னால், காலிக்குப் போகும் பெருவீதியில் பெற்றோல் கியூ நின்றது. இரண்டு நாளாக ஒரு பொழுதுபோக்கும் இல்லாத ஆட்டோக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்தார்கள்.

"பின்னுக்கு மிதியுங்கோ" என்றார் ஒருவர்.

"முன்னுக்கு மிதிச்சாத்தான் வரும்" என்றார் மற்றவர்.

நான் இருவருக்கும் "ஓம்" என்று இரண்டு பக்கமும் மிதித்தேன். முழங்காலுக்கு மேலே இருந்த வேட்டியும் உள்ளே போனது.

மூன்றாவது ஆள் கத்தியோடு வந்தார். "அய்யே, ரெத்த கபமு." துணியை வெட்டுவோம் என்று சிங்களத்தில் சொல்கிறார். எனக்குச் சம்மதம். அவர் தலையையே கேட்டிருந்தாலும் அந்த நேரம் குனிந்திருப்பேன்.

"வெட்டவேண்டாம்" என்று மனைவி குறுக்கே நின்றாள். "அது எங்கட கலியாண வேட்டி."

மகள் மட்டும் தூரத்தில், யாரோ வீட்டுப் பிள்ளை போல நின்றாள்.

செயினில் இருந்து பல்லுப் பல்லாக வேட்டியைக் கழற்றினார்கள். வீட்டுக்கு ஓடி, உடுப்பு மாற்றி, கறுத்த கையோடு கொட்டாஞ்சேனைக்கு மிதித்தேன். போய்ச் சேர எட்டரை தாண்டிவிட்டது. நிசாமின் இடுப்பில் சாவி தொங்கியது. அவன் கொலன்னாவையில் இருந்து நடந்தே வந்திருந்தான்.

ஹாஜியார் என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். "எதுக்கு எடுத்தீங்க இத?"

"எல்லாத்துக்கும் ஏத்தது, ஹாஜியார்."

"வேலைக்கு வாறதத் தவிர போல" என்று கவுண்டரைக் காட்டினார்.

இன்றும் அங்கேதான் நிற்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்டுக் கேட்டே என் நாள் கழிகிறது. சைக்கிளை மகள் மட்டும் ஓட்டுகிறாள். வேட்டி அலுமாரியில் இருக்கிறது. கரையில் செயினின் பல் வரிசை எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

போன மாதம் ஃபிரிட்ஜ் வாங்கப் போனோம். விற்பனையாளர் எல்லா விவரமும் சொல்லி முடித்து, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். மகள் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"அங்கிள், இதில வேட்டி சிக்காதுதானே?"

மனைவி ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.